கரண்ட் போய் வந்த பிறகு ஒரு கேஸ்லிங்

எண்பதுகளின் நடுவில், கல்கத்தாவின் கார்டன் ரீச் பக்கம் ஓர் அரசு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் சூப்பர்வைசர். எங்களுக்கு ஒரே ஒரு புரோகிராமர் போஸ்ட் சாங்ஷன் ஆகி வந்தது. டிரெய்னிகளோ இரண்டு பேர்: வங்காளியான தபன், அவனை 'தபன்-தா', அதாவது தபன் அண்ணா, என்று கூப்பிடும் வசந்தா. இருவரும் ஓய்வு நேரத்தில் ஆளுக்கொரு செஸ் புரோகிராம் எழுதியிருந்தார்கள். மேனேஜர் சுந்தரம் சாருக்கு விபரீத யோசனை ஒன்று தோன்றியது. இரண்டையும் மோதவிட்டு, ஜெயித்த புரோகிராமின் சொந்தக்காரருக்கு போஸ்ட் என்றுவிட்டார். நடுவர் நான்.

வசந்தா பெஹாலாவில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா போர்ட்டிலிருந்து ரிடையராகப் போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அவளுக்கு வேலை கிடைத்தால் குடும்பம் கல்கத்தாவில் தங்கும், இல்லாவிட்டால் திருநெல்வேலி. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும் பெண்ணுக்கு அது அயலூர்தான்.

இரண்டு பி.சி.க்களையும் கேபிளால் இணைத்தோம். யார் கையும் படாமல் ஆட்டம் ஓடியது, ஒவ்வொரு நகர்த்தலும் பிரிண்டரில் அச்சானது. பாதியில் லோட்-ஷெடிங். ஜெனரேட்டர் பெரிய மெஷினுக்கு மட்டும்தான். கரண்ட் வந்ததும், முதலிலிருந்து எல்லா நகர்த்தல்களையும் திரும்ப ஊட்ட வேண்டும் என்றேன். சாருக்குப் பொறுமை இல்லை.

"எதுக்குய்யா? காய் எங்கெங்க நிக்குதுன்னு மட்டும் அடிச்சுக் கொடு, போதும்."

அடித்துக் கொடுத்தோம். வசந்தாவின் புரோகிராம் உடனே கேஸ்லிங் செய்தது, அதாவது ராஜாவை ஒரே நகர்த்தலில் ஓரத்துக்குத் தள்ளி யானையைக் காவல் வைத்தது. தபன் துள்ளி எழுந்தான். அவளுடைய ராஜா முன்பே ஒருமுறை நகர்ந்து, பழைய கட்டத்துக்கே திரும்பியிருந்தது. நகர்ந்த ராஜாவுக்குக் கேஸ்லிங் கிடையாது. விதி மீறல், ஆகவே ஆட்டம் தனக்கே என்றான்.

"அவன் மெஷினே ஒத்துக்கிட்டு அடுத்த காயை நகர்த்திடுச்சு, இவனுக்கு என்ன? ஆட்டம் தொடரட்டும்" என்றார் சார்.

அதுவும் உண்மைதான். தபனின் புரோகிராம் முணுமுணுப்பில்லாமல் பதில் ஆடியிருந்தது. காய்கள் நிற்கும் இடம் மட்டும் தெரிந்த இரண்டுக்குமே பழைய கதை தெரியாது.

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். பிரிண்டரில் வந்த தாளைப் பார்த்து முதல் நகர்த்தலிலிருந்து ஊட்டி, கரண்ட் போன இடத்திலிருந்து தொடரச் சொன்னேன். மதராசிகள் மூவரும் ஒரே பக்கம் என்று தபன் வங்காளத்தில் பொரிந்து தள்ளினான். நம்மூர்ப் பெண்ணுக்கு உதவத் துப்பில்லையா என்று சார் என் காதைக் கடித்தார். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. வசந்தா தாளை வாங்கி அடிக்க ஆரம்பித்தாள்.

இந்தமுறை கேஸ்லிங் இல்லை. அவளுடைய ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டது. தபன் ஜெயித்தான். போஸ்ட் அவனுக்குப் போனது.

திருநெல்வேலிக்குக் கிளம்பிய வசந்தாவின் குடும்பத்தை வழியனுப்ப ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வசந்தாவிடம், அந்தக் கேஸ்லிங்கை விட்டிருக்கலாமோ என்று கேட்டேன்.

"விட்டிருந்தா வேலை கிடைச்சிருக்கும் சார். தினம் அந்த சீட்டுல உக்காந்து, இது தபன்-தாவோடதுன்னு நெனச்சிட்டே இருக்கணும். இப்ப தோத்துட்டேன்னு நிம்மதியா சொல்லிக்கலாம்."

மெஷின்களை மோதவிடும் இளைஞர்களுக்கு: கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஒருவரின் பிழைப்பை அதில் பந்தயம் வைக்காதீர்கள். தீர்ப்பு சரியா என்று ஜெயித்தவரிடம் கேட்டுப் பயனில்லை, தோற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.