அம்மாவின் பாட்டு திறக்குமா?

பிள்ளைகளே, நாம் பாட்டுப் பதியும் மென்பொருளை அதன் கம்பெனி நிறுத்திவிட்டதால், ஹட்டன் டவுன் கடையொன்றில் புதிதொன்று வாங்கி வந்தேன்.

“இதப் போட்டுட்டுப் பழச அழிச்சிருங்கண்ணே” என்றார் கடைக்காரர்.

அழிக்கப் போனபோது, மகளே, நீதான் கேட்டாய்: “அம்மா வெளிநாடு போறதுக்கு முன்னால பாடுனது இந்தப் புதுசுல வருமாப்பா?”

திறந்து பார்த்தேன்; வரவில்லை. பழையதை அழிக்காமல் விட்டேன்.

மறுநாள் அந்தப் பாட்டைச் சீடியில் கொண்டுபோய், கடையிலிருந்த ஒவ்வொரு மென்பொருளிலும் போட்டுப் பார்த்தேன்.

“என்னண்ணே, பொண்ணு பாக்கிற மாதிரி பாக்கிறீங்க!” என்று சிரித்தார் கடைக்காரர். நான் அடுத்ததைப் போட்டேன். கடைசியில் ஒன்று பாடியது; அதையே வாங்கி வந்தேன்.

இப்போதெல்லாம் புதியதில் பழைய பாட்டு திறந்த பிறகே பழையதை அழிக்கிறேன்.

நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், பாட்டில் கேட்ட தகரக் கூரை மழைச் சத்தத்தைக் குறைத்தேன். நடுவில் அம்மா இருமிவிட்டு, “இன்னொருக்கா பாடவாங்க?” என்று கேட்டதை மட்டும் வெட்டவில்லை.