முதல் டம்ளர்

மனைவி பழைய சாமான் கடையில் வாங்கி, கழுவித் தண்ணீர் பிடித்துவைத்திருந்த நீலக் கேனின் மூடியைத் திறந்தேன். அந்தக் காரநெடி என்னைத் திருப்பதியிலிருந்து நகரியில் தறிச்சத்தம் ஓயாத எங்கள் வீட்டுக்கே இழுத்துப்போனது. சாயப்பட்டறையில் காலியான கேன்களை நைனா தூக்கிவருவார். அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவைத்து, மறுநாளே குடிதண்ணீர் பிடிப்பாள். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே நீலம், தண்ணீரில் அதே லேசான கசப்பு. நான் முகம் சுளித்தால், “வாசனயெல்லாம் பூடுச்சிடா, பாரு, நானே குடிச்சிக்கினு கீறேன்” என்று முதல் டம்ளரை அம்மாதான் குடித்துக் காட்டுவாள். நாற்பது வயதில் அவளுக்குக் கிட்னி போனது. எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

மூடியோடு நான் திரும்புவதற்குள், மனைவி அந்தக் கேனிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துமுடித்து, அடுத்ததை மகளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.