பிள்ளைச்சாவடி வேகத்தடை

என் கையெழுத்து ஒரு வரியில் நிற்காது. எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை, பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்பட்டே எல்லாம் கெட்டுப்போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். உழவர்கரையில் தண்ணீர் கேன் ஏற்றி, கடலோரம் இருக்கிற கடைகளுக்கும் விடுதிகளுக்கும் போடுவது வேலை. பிள்ளைச்சாவடியில் சாலையின் குறுக்கே ஒரு வேகத்தடை உண்டு. ஒரு நாள் சக்கரம் அதில் ஏறி இறங்கியபோது, ஏறியது வேகத்தடை மேல்தானா, ஆள் மேலா என்று ஒரு நினைப்பு வந்தது. வண்டியைத் திருப்பிப் போய்ப் பார்த்தேன். சாலையில் எதுவும் இல்லை. அந்த நிம்மதி அடுத்த முக்கு வரைக்கும்கூட நிற்கவில்லை. சரியாகப் பார்த்தோமா? ஓரத்துப் புதரில் விழுந்து கிடந்தால்? மறுபடியும் திருப்பினேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அது வேகத்தடை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்காது.

சும்மா நின்று சாலையைப் பார்த்தால் என்னவென்று கேட்பார்கள். எதிரில் ஒரு பெண் இட்லிக் கடை போட்டிருந்தாள், புருஷன் இல்லாதவள். அங்கே டீ வாங்கி, குடிக்கிற சாக்கில் சாலையைப் பார்ப்பேன். வீட்டுக்கு நேரம் கழித்தே போனேன். மனைவியின் தம்பி என்னை அங்கே இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறான்.

"யாருய்யா அவ?" என்று மனைவி கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பாளே என்று பயம். என் மௌனத்தையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை கடைக்கே போய், சாப்பிட வந்தவர்கள் முன்னால் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். மாவுப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டாளாம். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த முறை நான் போய் நின்றபோது அந்தப் பெண் டீ தரவில்லை.

"அண்ணே, இனிமே இங்க நிக்காதீங்க. நான் பொழைக்கணும்" என்றாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. மச்சான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. வந்து பார் என்று வண்டியில் உட்காரவைத்து ஓட்டிப்போனேன். வேகத்தடையில் ஏறி இறங்கினோம். திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். கீழே இறங்கி, குனிந்து, சக்கரத்துக்கு அடியில் பார்த்தேன். அவள் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

திரும்பி வரும் வழியில்தான் சொன்னாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாத. ஆம்பள அப்படி இப்படி இருந்தான், இப்ப திருந்திட்டான்னா உட்டுருவாங்க. அப்பனுக்குப் புத்தி சரியில்லன்னா, பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க."

"அப்ப அந்தப் பொம்பள?"

"அவளுக்கு என்ன, கட்டிக்குடுக்கப் பொண்ணா இருக்கு?"

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன்.

மனைவி வீட்டுக்கு வந்தாள். தெருப் பெண்கள் அவளைப் பொறுமைசாலி என்றார்கள், அவளும் கேட்டுக்கொண்டாள். மகள் கல்யாணம் நடந்தது. அரசு மருத்துவமனையில் எனக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். கேட்பவர்களிடம் சுகர் மாத்திரை என்று சொல்கிறோம். திரும்பிப் பார்க்காமல் ஓட்டு, பயம் தானாக அடங்கும் என்று டாக்டர் சொன்னார். சில நாள் முடிகிறது. சில நாள் வண்டி தானாகவே திரும்பிவிடுகிறது.

இட்லிக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். அவள் எங்கே போனாள் என்று விசாரிக்கக்கூட வழியில்லை. விசாரித்தால், இன்னும் விடவில்லை பார் என்பார்கள்.

கல்யாணம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனைவியிடம் கேட்டேன். ஒரு குழந்தை பிறக்கட்டும் என்றாள். பிறந்தும் ஆயிற்று. இப்போது கேட்டால், எதற்கு என்கிறாள். அவள் என் வண்டியில் அதற்குப் பிறகு ஏறியதே இல்லை.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. அவளிடம் டீ வாங்கிக் குடித்தேன், அவ்வளவுதான். இதை என் மனைவியும் அறிவாள்.

எழுதியது: ஐப்பசி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.