அக்கா கூடையில் போட்ட கொழுந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொழுந்து எடுக்கிற தேயிலை மலையில் கங்காணியையே ஒரு சொல்லில் அடக்கிவிடுவேன் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வாய்தான் ஒரு தாயையும் மகளையும் லயத்து வீட்டை விட்டு இறக்கியது.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டம் கம்பெனியின் கைக்குப் போனது. புதிதாக வந்த மேனேஜர் தொரை ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எங்களை நிறுத்தி வைத்து, இனிமேல் அதிகம் கொழுந்து எடுக்கும் திறமைசாலிகளுக்குத் தனியாகத் திறமைப் படி தரப்போவதாகச் சொன்னார். சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுப்பதானால் எல்லோருடைய நாட்சம்பளத்திலும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லி வேலையை நிறுத்தியது. படி வந்திருந்தால் முதல் ஆளாக வாங்கியிருக்க வேண்டியவள் நான். ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனாலும் சங்கத்தோடுதான் நின்றேன்.

என் பக்கத்து நிரையில் ஓர் அக்கா கொழுந்து எடுப்பாள். உறவு ஒன்றுமில்லை, லயத்து வரிசையில் எனக்கு அடுத்த காம்பரா, ஒற்றை அறை வீடு. புருஷன் செத்துப்போய்விட்டான். ஒரே மகள் கொட்டகலையில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும். காலைக் குளிரில் மடக்கவே வராது. சொன்ன கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். அதனால் தராசுக்குப் போகுமுன் நாங்கள் நாலைந்து பேர் ஆளுக்கு இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவோம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் காய்ச்சல்காரிக்கும் அப்படித்தான். அதை யாரும் வெளியில் பேசுவதில்லை. கங்காணி சரியாக அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி வெற்றிலை மடிப்பார்.

வேலைநிறுத்தத்தின் இரண்டாம் வாரம் தொரை பேச்சுக்குக் கூப்பிட்டார். சங்கத் தலைவரோடு பெண்கள் சார்பில் நானும் ஆபீசுக்குப் போனேன். தொரை நிறுவைப் புத்தகத்தை மேசைமேல் விரித்தார்.

"யார் திறமையான ஆள்னு இந்தப் புத்தகமே சொல்லுதே. இதில என்ன அநியாயம்?" என்றார்.

தலைவர் குனிந்து புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"புத்தகம் என்னாங்க சொல்லும்? என் பக்கத்து நிரை அக்காவுக்கு வெரலே மடங்காது. தெனமும் முழுப்பேர் எழுதியிருக்கீங்களே, அது யாரு எடுத்த கொழுந்து? நாங்க போட்டது! இப்ப சொல்லுங்க, இதுல யாரு தெறமைக்குப் படி குடுப்பீங்க?"

தொரை புத்தகத்தை மூடினார். அடுத்த நாளே திறமைப் படி கைவிடப்பட்டதாகச் செய்தி வந்தது. கோயிலடியில் பட்டாசு வெடித்தார்கள். தலைவர் எனக்கு மாலை போட்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், மூதேவி! அக்கா கூட்டத்தில் இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறு வாரம் அக்காவைத் தோட்டத்து டாக்டரிடம் அனுப்பினார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று கடிதம் வந்தது. செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், பேரை வெட்டினார்கள். தோட்டத்தில் வேலை இல்லாதவளுக்குக் காம்பராவும் இல்லை என்றார்கள். தலைவர் இரண்டு முறை ஆபீசுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். "விரல் மடங்காதுன்னு உங்க ஆள்தானே சொன்னது?" என்று தொரை கேட்டாராம். அவர் திரும்பி வந்துவிட்டார்.

டிக்கோயாப் பக்கம் இருந்த தம்பி வீட்டுக்குப் போவதென்று அக்கா முடிவெடுத்தாள். மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் பேசியிருந்தார்கள். போகிற அன்று காலை ரோட்டடிக்கு ஓடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அழுவாத புள்ள. நல்லாத்தான் பேசுனே. எல்லாருக்கும் நல்லதுதானே நடந்துச்சு" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்னயக் காட்டாம, பொதுவா சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தாலும் ஜெயித்திருப்போம். பஸ் வந்தது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையாட்டினாள். மகள் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தரம் கூப்பிட்டும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.