மூன்றாவது தூணுக்கு இரண்டு விதமாக மார்க்

சுல்ஃபியாவுக்கு ஜெயசிங் மேல் சந்தேகம் விழுந்தது, அவர் போட்ட ஒரு ஏழால்.

அவள் தேங்காப்பட்டணத்துக்காரி. பாலங்களைச் சோதிக்கும் உதவிப் பொறியாளராகி ஆறு வருஷம் ஆகிறது. சுத்தியலால் தட்டி, கான்கிரீட் கணீரென்கிறதா பொத்தென்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, ஒன்பதுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். புதுக்கடை ஊருக்கு அந்தப் பக்கம் மாவிளைப் பாலத்தின் மூன்றாவது தூணுக்கு அவள் போட்டது நாலு. நாலென்றால் லாரி போகக்கூடாது. மறுவாரம் அதே தூணை மறுசோதனை செய்த ஜெயசிங், அவளுக்கு மூத்தவர், ஏழு போட்டிருந்தார்.

ஒன்று கூடக்குறைய வருவது சகஜம். ஒருவர் விரிசல் என்பதை இன்னொருவர் வெறும் பூச்சு வெடிப்பு என்பார். மூன்று மார்க் எப்படி வித்தியாசப்படும்? அந்தப் பாலம் வழியாகக் கல் லாரிகள் விடும் வைகுண்டராஜனோடு ஜெயசிங் சாயாக்கடையில் சிரித்துப் பேசியதை அவள் பார்த்திருந்தாள். அவர் கையெழுத்திட்ட பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் புரட்டினாள். தப்பு ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே அவளை உறுத்தியது.

கடைசியில் நேராகவே கேட்டாள். "சார், அந்தத் தூணுக்கு ஏழு எப்படிப் போட்டிய?"

அவர் நிமிரவில்லை. "மேல நல்லா இருக்கு. அடியில தண்ணி, ஒண்ணும் தெரியல. முப்பது வருஷமா நிக்குத தூணு, நல்லாத்தான் இருக்கும்னு போட்டேன். நீ எறங்கிப் பாத்தியா மக்கா?"

அவளும் இறங்கவில்லை. கலங்கல் தண்ணீருக்குள் மண் அரிப்பு இருக்கும் என்று பயந்து நாலு போட்டவள்தான்.

"வைகுண்டராஜன் உங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரிக்க தம்பி." இப்போது நிமிர்ந்தார். "அவன் கேக்கவுமில்ல, நான் அவனுக்காகப் போடவுமில்ல."

அவள் நம்பவில்லை. பொய் என்று சொல்லவும் கையில் ஒன்றுமில்லை. புதிதாக ஒரு தாள் எழுதினாள்: 'மூன்றாவது தூணின் அடி இருவராலும் பார்க்கப்படவில்லை. பார்க்கும்வரை லாரி விட வேண்டாம்.' உறவு விவரத்தையும் ஒரு வரியில் சேர்த்தாள். வாசித்ததும் ஜெயசிங்கின் முகம் இறுகியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பங்குனியில் தண்ணீர் வற்றியதும் இருவரும் இறங்கினார்கள். தூணடியில் ஒரு முழத்துக்கு மண் அரித்துப் போயிருந்தது. கான்கிரீட் மட்டும் கணீரென்றது. ஆளுக்கொரு தாளில் தனியாக எழுதினார்கள். அவள் ஐந்து, அவரும் ஐந்து. கல் அடுக்கி அரிப்பை அடைத்த பிறகுதான் லாரி விட்டார்கள்.

மார்க் ஒத்துப்போனதும் சுல்ஃபியாவுக்கு நிம்மதியாக இல்லை. தன் தாளை அவர் எட்டிப் பார்த்திருப்பாரோ?

"அடுத்த பாலத்துல ஆளுக்கொரு கரையில நின்னு எழுதுவோம் சார்."

"எழுதுவோம்" என்றார் ஜெயசிங். "எனக்கும் உன்மேல அதே சந்தேகந்தான்."