'உடைச்சிடுவா' என்று எழுதியிருந்த அட்டை

காலை 11.42. ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை. அலுவலக மீட்டிங் முடிந்து, சைலண்டில் கிடந்த போனை எடுத்தேன். பதினான்கு மிஸ்டு கால். பதினைந்தாவது கால் அப்போதுதான் வந்தது. சாலை விபத்தில் என் மனைவி யமுனா இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கல்யாணமாகி இரண்டரை வருடம். அன்றிலிருந்து என் போன் சைலண்டில் இருந்ததே இல்லை.

மரக்காணத்துக்கு நான் போனது அவள் பாதியில் விட்ட வேலைக்காக. மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பதினோரு பேரோடு உட்கார்ந்து பேசுவாள். கடைசி முறை ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறாள். உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? நீ யார்? பத்து வருடம் கழித்து என்னவாக இருப்பாய்? படித்துவிட்டுத் திருப்பித் தருவதாக வாங்கி வந்தவை அலமாரியில் கிடந்தன. பத்து அட்டைகளில் போலீஸ், நர்ஸ், லாரி டிரைவர் என்றெல்லாம் இருந்தது. பதினோராவதான நிவேதாவின் அட்டையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில்: 'உடைச்சிடுவா.' மற்ற இரண்டும் காலி.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை 5.10க்கு அடையாறிலிருந்து பைக்கில் கிளம்பினேன். ஈசிஆரில் 112 கிலோமீட்டர், பெட்ரோல் 260 ரூபாய், வழியில் டீ 15. அந்தப் பெண்களின் வீட்டார் வேலை செய்யும் உப்பளத்தை அடைந்தபோது 7.40. பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. அதற்குள் முழு வானமும் கிடந்தது. எட்டு மாதமாக எதையும் நின்று பார்க்காதவன், இஞ்சினை அணைக்க மறந்து நின்றேன்.

நிவேதாவின் அப்பா ஏழுமலை அங்கே மேஸ்திரி. உப்புத் தண்ணீரின் டிகிரி, அதாவது அடர்த்தி, பார்க்க மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் அவர் கையில்தான் இருக்கும். இருபத்திநாலு வந்தால்தான் தண்ணீரை உப்பு விளையும் பாத்திக்குத் திறப்பார். பெண்கள் உப்பு வாருவார்கள், சுமப்பார்கள். குழாயைத் தொட அவர்களை விடமாட்டார்கள்.

யமுனாவின் கணவன், இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டேன். நிவேதா குழாயை எட்டிப் பார்த்தாள். "ஏய், தள்ளிப் போ. உடைச்சிடுவ!" என்றார் அப்பா.

அட்டை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பத்தாவதோட இவள நிறுத்திடப் போறேன் சார். வேலைக்கு ஆள் பத்தல" என்றவர், "நீங்க இன்ஜினியராச்சே, பாருங்க" என்று குழாயை என்னிடம் தந்தார். வாங்கினேன். சட்டைப்பையில் போன் அலறியது. பதறி அதைப் பிடிக்கப் போனதில் குழாய் வரப்பில் விழுந்து தூளானது. எடுத்தால், லோன் வேணுமா சார் என்றது ஒரு குரல்.

தலையில் கூடையோடு போன அக்கா நின்றார். "ஏம்பா ஏழுமல, பொண்ணு உடைக்கல. இன்ஜினியர் உடைச்சிட்டாரு!" வரிசை முழுக்கச் சிரிப்பு.

"இன்னா சார் இது? இப்ப தண்ணி தொறக்கறதா, வேணாமா?" என்றார் ஏழுமலை.

நிவேதா பாத்தியில் காலை வைத்தாள். விரலை நனைத்துத் தேய்த்தாள். "எண்ணெ மாதிரி வழுக்க ஆரம்பிச்சிடுச்சுப்பா. இருபத்திநாலு. தொறந்துடு."

அவர் நம்பவில்லை. பக்கத்து அளத்துக்கு நடந்து, குழாய் கேட்டு வாங்கி வந்து மிதக்கவிட்டார். நானும் குனிந்தேன். கோடு இருபத்திநாலில் நின்றது. கருவிகளை அளவு சரிபார்ப்பதுதான் என் வேலை. தோலால் இப்படி அளந்து நான் பார்த்ததில்லை.

ஏழுமலை வெகுநேரம் கோட்டையே பார்த்தார். பிறகு குழாயைத் துடைத்து மகளிடம் நீட்டினார். "பத்திரமா புடி. அடுத்த பாத்தியும் பாரு."

"பத்தாவதுக்கு அப்புறம் இதுக்கெல்லாம் படிப்பு இருக்குதுங்க" என்றேன்.

"பாக்கலாம் சார்." சற்று முன் 'நிறுத்திடப் போறேன்' என்றவர்.

நிவேதாவிடம் அவள் அட்டையைத் தந்து, மற்ற பத்துப் பேருக்கும் கொடுத்துவிட்டு வந்தபோது, அவள் அதில் 'உடைச்சிடுவா' என்பதை அடித்திருந்தாள். 'நீ யார்?' என்பதற்கு நேரே '24' என்று எழுதியிருந்தாள்.

"மூணாவது?"

"யோசிச்சு எழுதறேன் சார். அடுத்த மாசம் வருவீங்கல்ல?"

வருவேன் என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் கண் கூசும். தண்ணீர் இரண்டு லிட்டர், தொப்பி அவசியம். கேட்காமல் வரப்பில் ஏறாதீர்கள். யாராவது நம்பி ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்தால், முதலில் போனை அணையுங்கள். நான் அணைத்துவிட்டேன்.