சலூன்காரர் விழுங்கிய இருமல்

எனக்குச் சளி என்றாலே வயிற்றைப் பிரட்டும். என் வீட்டுக்காரர் காலையில் கொல்லைப் பக்கம் போய்க் காறுகிற சத்தம் கேட்டு, வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை எத்தனையோ நாள் தட்டிலேயே திரும்ப வைத்திருக்கிறேன். இந்த மனிதருக்குத் தெருவில் பட்டப்பெயர் ‘சுத்தம்’. சலூன் வைத்திருக்கிறார். சீப்பைக் கொதிநீரில் போடுவார், கத்தியை மருந்துத் தண்ணீரில் ஊறவைப்பார், தரையில் ஒரு முடி கிடந்தாலும் அடுத்த ஆளை உட்காரவிடமாட்டார். வெளியே இத்தனை பளபளப்பு, நெஞ்சுக்குள்ளே சாக்கடை.

இந்த முறை சளி நெஞ்சில் பசையாக ஒட்டிக்கொண்டது. டாக்டர் தண்ணீரில் போட்டுக் கரைத்துக் குடிக்கிற மாத்திரை எழுதினார். “இது சளியை இளக்கிடும். நிறைய தண்ணி குடிங்க, இளகினதை இருமித் துப்பிடுங்க. வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா? வயித்துப்புண், ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டார். எதுவும் இல்லை என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மாத்திரையைத் தண்ணீரில் போட்டதும் நுரை பொங்கியது. கூடவே ஒரு நாற்றம்: சீ, கூமுட்டை! கெட்டுப்போன மாத்திரையை நம் தலையில் கட்டிவிட்டான் என்று மருந்துக்கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் தேதியைக் காட்டி, “அதோட வாடையே அதாங்க்கா. மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிக்கச் சொல்லுங்க” என்று சிரித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டது நான்தான். என் வீட்டுக்காரர் ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

ஆனால் துப்பவில்லை. காலைக் காறலும் நின்றுபோனது. விட்டது சனி என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. அப்புறம் பார்த்தால், ராத்திரி பக்கத்தில் படுக்கும்போது அவர் நெஞ்சுக்குள்ளே ஹுக்கா பிடிக்கிற மாதிரி கொளகொளவென்று சத்தம். அருவருப்பில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஒரு மத்தியானம் சலூனிலிருந்து ஆள் ஓடிவந்தது. போய்ப் பார்த்தால், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் அவரே சாய்ந்து கிடக்கிறார். உதடு கறுத்திருக்கிறது, மூச்சுக்கு வாய் திறந்து திறந்து மூடுகிறது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜனை வைத்தார்கள். நான் சளி மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் நர்ஸ் கேட்டார்: “இந்த மாத்திரையோட வேற என்ன மருந்து எடுக்கிறாரு?”

கல்லுளிமங்கன் மறுபடியும் இல்லை என்று கையசைத்தார். அவர் வாயருகே குனிந்தேன். இனிப்பான சிரப் வாடை. சாப்பாடு கொண்டுபோகும்போது கடை மேஜை இழுப்பறையில் சீப்புகளுக்கு நடுவில் பார்த்த பாட்டில் ஞாபகம் வந்தது.

“இருமலை நிறுத்துற மருந்து ஒண்ணு குடிக்கிறாரு சிஸ்டர். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு!”

“மறைக்கலே,” என்றார் அவர், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. “அது... மருந்தில்லே. சவரத்துக்கு... முன்னாடி... போடறது.”

“சவரத்துக்கு நுரை போடுவாங்க. இருமல் மருந்தா போடுவாங்க?” நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கணக்கில் அது கத்தி, சாணைக்கல் மாதிரி ஒரு தொழில் சாமான். அடுத்தவர் தொண்டையில் கத்தி வைத்திருக்கும்போது இருமல் வந்தால் என்ன ஆகும்? அதனால் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் ஒரு மூடி. ஒரு நாளைக்கு எத்தனை தாடி, அத்தனை மூடி.

நர்ஸ் என்னிடம் சொன்னார்: “மாத்திரை சளியை இளக்கிக்கிட்டே இருக்கு. அது வெளியே வர்றதுக்கு இருமல் ஒண்ணுதான் வழி. அதை இவரு அடைச்சுட்டாரு. இளகின சளி உள்ளேயே தேங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சே நின்னிருக்கும்.”

குழாய் விட்டு உறிஞ்சினார்கள். மஞ்சளும் பச்சையுமாக ஜாடியில் நூல் நூலாக இறங்கியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்த ஜாடியையே பார்த்தேன். எல்லாம் வந்து தொலையட்டும் என்றிருந்தது.

வீடு திரும்பியதும் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். திரும்ப வாங்கி ஒளித்துவைப்பாரோ என்று கடையிலேயே காவலுக்கு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். ரிட்டயரான பெரிய ஆபீசர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் வழித்தாயிற்று, என் வீட்டுக்காரர் நெஞ்சில் கொளகொளப்பு ஆரம்பித்தது. கை மேஜை இழுப்பறைப் பக்கம் போனது. நான் முறைத்தேன்.

கத்தியை மடக்கி வைத்தார். “மன்னிச்சுக்கங்க சார், இருமிட்டு வர்றேன்.”

பின்பக்கம் போனார். என்னா சத்தம்! அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துத் துப்பினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆபீசர் துண்டை உருவி வீசினார். “சீ! சுத்தமாம் சுத்தம். மனுஷன் உட்காருவானா இங்கே?”

“உள்ளே இருந்தா உசிரு போயிடும் சார். கையைக் கழுவிட்டுத்தான் வருவாரு, உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. ஒரு கன்னத்தில் நுரையோடு தெருவில் இறங்கிப் போனார். சளியைவிட அந்த முகச்சுளிப்பு எனக்குக் குமட்டியது.

என் வீட்டுக்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபடி வந்து, காலி நாற்காலியைப் பார்த்தார்.

“போயிட்டாரா?”

“போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு.”

நெஞ்சு நிறைய ஒருமுறை மூச்சை இழுத்து விட்டார். எந்தச் சத்தமும் இல்லை.

“போகட்டும்,” என்றார். “அடுத்த ஆளைக் கூப்பிடு.”